மேடையேறிய பிட்டும் தேங்காய்ப்பூவும்

கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் முட்டிக்கொண்டு ஓய்ந்த பிறகு ஒரு கூட்டம் நடக்கும். பிரதேச செயலகத்தில் நடக்கும், கோயில் மண்டபத்தில் நடக்கும், சில வேளை பொலிஸ் நிலைய முன்றலிலும் நடக்கும். பேசுகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் மூன்றாவது நான்காவது வசனத்தில் அது வந்துவிடும்: “நாங்கள் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள்.” சபை தலையாட்டும். அம்பாறைக் கரையோரத்தில் இந்த உவமையைக் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் வயலிலும் சந்தையிலும் தோணி கரையேறும் இடத்திலும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் கணக்குப் பார்க்கும்போது இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே புழங்குகிற பழமொழிகள் வேறு. மேடையில் ஒன்றும் வரம்பில் இன்னொன்றுமாக மொழி ஏன் இப்படிப் பிரிந்தது என்று பார்த்தால், இந்தக் கரையின் கடந்த எழுபது வருட அரசியலில் ஒரு பகுதி விளங்கும்.

முதலில் பிட்டு. வறுத்த மாவைக் கொதிநீர் தெளித்துக் குழைத்து உதிர்த்து, குழலின் அடியில் கொஞ்சம் தேங்காய்ப்பூ, மேலே ஒரு பிடி மா, அதற்கு மேல் மறுபடியும் தேங்காய்ப்பூ என்று நிரப்பிக்கொண்டு போவார்கள். ஆவி ஏறி வெந்ததும் பின்னாலிருந்து ஒரு கம்பால் தள்ளினால் பிட்டு வெளியே வரும். வரும்போது தேங்காய்ப்பூ இருக்கிற இடத்தில்தான் அது துண்டு துண்டாகக் கழலும். அதாவது தேங்காய்ப்பூ பிட்டுக்கு ருசியும் தருகிறது, எல்லையும் போடுகிறது. குழலுக்குப் பதிலாக ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்தால் இரண்டும் கலந்துவிடும். மேடைக்காரர்களின் வீட்டில் நீத்துப்பெட்டிதான் போலிருக்கிறது.

இந்த உவமையைச் சோதிக்கக் காரைதீவைவிட நல்ல இடம் கிடைக்காது. வடக்கே கல்முனை, சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே மாவடிப்பள்ளியைத் தாண்டினால் சம்மாந்துறை. முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே ஒரு தமிழூர். அதன் பிரதேச எல்லைக்குள்ளேயே மாளிகைக்காடும் மாவடிப்பள்ளியும் முஸ்லிம் ஊர்களாக இருக்கின்றன. வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் ஊர் இது. சிறிது தொலைவில், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரில் கொடியேறும்போது இந்துக்களும் நேர்த்தியோடு போவார்கள். விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்ததும் காரைதீவில்தான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறியது, அதே ஆண்டில் மறைந்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் எம். எம். உவைஸ். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைப் பின்னாளில் பல தொகுதிகளாக எழுதி முடித்தவர். காரைதீவு முச்சந்தியில் நிற்கும் அடிகளின் சிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த மாணவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சேர்த்துப் பேசலாம்.

பழமொழிகளைத் தொகுத்தவர்களிடம் போனால் வேறொரு சிக்கல். பீற்றர் பேர்சிவல் 1843இலேயே யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பை அச்சிட்டார். 1874இல் சென்னையில் அது ஆறாயிரத்தைத் தாண்டி விரிந்தது. 1894இல் ஜோன் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அகராதியாக அடுக்கினார். எல்லாம் அகர வரிசை. எந்தப் பழமொழியை யார், யாரிடம், எந்தத் தருணத்தில் சொன்னார் என்பது அந்த வரிசையில் உதிர்ந்துவிட்டது. பழமொழிக்குத் தருணம் போய்விட்டால் மிஞ்சுவது புத்திமதி மட்டும். இந்தக் கரையில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் முஸ்லிம் கிராமத்துப் பழமொழிகளையும் நாட்டார் பாடல்களையும் தேடித் திரட்டியபோதுதான் சொல்லோடு சொல்லியவரின் வாயும் கொஞ்சம் வந்து சேர்ந்தது.

அயலவரைப் பற்றித் தமிழில் உள்ள பழமொழிகளைத் தருணத்தோடு சேர்த்துப் பார்த்தால் அவை இரண்டு பக்கம் நிற்கின்றன. ஒரு பக்கம் கூடச் சொல்லுகிறவை. ஈழத்தில் பலரும் அறிந்தது ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’. இந்தக் கடற்கரை மணலில் படருகிற கொடிதான் அது. தமிழ்க் கட்சிகளின் மேடைகளில் அது பிட்டுக்குச் சமமாக ஓடியது. மறு பக்கம் கணக்குச் சொல்லுகிறவை. ‘தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு.’ ‘எட்ட இருந்தால் கிட்ட உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை.’ ‘கேளாமல் கெட்டது கடன், போகாமல் கெட்டது உறவு.’ மூன்றாவதைக் கவனியுங்கள். கடனையும் உறவையும் அது ஒரே மூச்சில் வைக்கிறது. கேட்க வேண்டியதைக் கேள், போக வேண்டிய இடத்துக்குப் போ, இரண்டில் எது தவறினாலும் நட்டம். கூடச் சொல்லுகிற பழமொழிகள் கூட்டத்தில் பிழைக்கும். கணக்குச் சொல்லுகிறவை இரண்டு பேருக்கு இடையில் பிழைக்கும்.

வயலில் இது இன்னும் தெளிவு. இந்தப் பக்கத்தில் நெல் விதைப்பதை ‘வேளாண்மை’ என்றுதான் சொல்வோம். வேறு எந்தப் பயிருக்கும் அந்தப் பேர் கிடையாது. கரையோரத்தில் குடியிருக்கிறவர்களின் காணி மேற்கே உள்வட்டைகளில், அதாவது உட்பக்க வயல்வெளிகளில், கிடக்கிறது. ஒரே வட்டையில் காணிக்காரரான தமிழ்ப் போடியாரின் வயற்கண்டத்துக்கு அடுத்தது முஸ்லிம் போடியாரின் கண்டமாக இருக்கும். ஒருவருடைய வரம்பை வெட்டினால் மற்றவருடைய பயிர் காயும். இங்கே தண்ணீரைப் பங்கிட்டவர் வட்டவிதானை. வாய்க்கால் துப்புரவாக்க யார் எத்தனை ஆளை விட வேண்டும், எந்தக் கண்டத்துக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை வைத்தவர் அவர். அவருக்குக் கூலி அறுவடையில் நெல்லாகப் போனது. முறை தவறியவன் தமிழனா முஸ்லிமா என்பது பிறகு வருகிற கேள்வி. முதலில் அவன் முறை தவறியவன். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது நெல்லை நெல் என்று சொல்லாமல் ‘பொலி’ என்று சொல்கிற வழக்கமும், பொலி பாடுகிற வழக்கமும் இரு சமூகத்துக்கும் உண்டு. பாட்டில் அழைக்கப்படும் தெய்வம் மாறும், களத்துச் சட்டம் மாறாது.

கூட்டமொன்றில் ஒரு முதியவர் எழுந்து கேட்டதாக இந்தப் பக்கத்தில் ஒரு கதை உலாவுகிறது. ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேசிய உத்தியோகத்தரிடம், “உறவெல்லாம் இரிக்கட்டும் தம்பி, மறுகா தண்ணி எத்தின மணிக்கு வரும்?” என்றாராம். நடந்ததோ கட்டியதோ, வரம்பின் மொழி அதுதான்.

இந்த முறை எப்படி உடைந்தது? கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியதும் கீழ்ப்பகுதியின் தண்ணீர்க் கணக்கு ஊர்க்கையை விட்டுத் திணைக்களத்தின் கைக்குப் போனது. மேலே புதிய சிங்களக் குடியேற்றங்கள். வாய்க்காலின் வால்பகுதியில் பழைய தமிழ், முஸ்லிம் வயல்கள். 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டவிதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தர எழுந்த நல்ல சட்டம், ஆனால் தண்ணீரில் ஒருவரிடம் இருந்த அதிகாரத்தைப் பலரிடம் பரப்பி எவரிடமும் இல்லாமல் செய்துவிட்டது என்றுதான் பழைய விவசாயிகள் பேசிக்கொள்வார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது. முன்பு ஊருக்குள் தீர்ந்த கேள்விகளுக்கு இப்போது அம்பாறை நகரத்துக் கச்சேரியில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

முறை வைத்தால் மனம் தானாகப் பின்னால் வரும் என்பதற்கும் இதே கல்லோயாவில் சாட்சி இருக்கிறது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரை வாய்க்கால்களில் விவசாயிகள் குழுக்களை அமைத்தன. அந்தப் போகம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். சண்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், மேல்பகுதி விவசாயிகள் தாங்களாகவே முறை வைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்து வால்பகுதிக்கு விட்டார்கள். மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்களவர், வால்பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள். இதை நேரில் பார்த்து எழுதிய நோர்மன் அப்ஹொஃப், இன உறவு சொற்பொழிவால் வளர்ந்ததாக எங்கும் சொல்லவில்லை. சிறு குழு, தெரிந்த முகம், யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஆகியவை அங்கே இருந்தன.

வீட்டுக்குள்ளும் கணக்குத்தான். இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ள பெரிய விடயம் மதத்துக்கு வெளியே இருக்கிறது. அது தாய்வழிக் குடி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவார். வீடும் வளவும் மகளுக்கு. தம்பிமார் உழைத்து அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். ராத்தாவுக்கு வீடு முடியாமல் சவுதிக்குப் போன முஸ்லிம் இளைஞனுக்கும் அதே விதி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் குடிக்கு ஒருவராகத் தெரிவானவர்கள். அக்கரைப்பற்றில் 1960களின் இறுதியில் ஆய்வு தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த ஒப்புமையைத் துல்லியமாகக் காட்டுகிறார். அவர் கூடவே காட்டுகிற இன்னொன்றை நம்முடைய மேடைகள் வாசிக்காமல் விட்டன: ஒரே மாதிரி குடும்பம் கட்டிய இரு சமூகங்கள் ஒரே அரசியலுக்கு வந்து சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரே அமைப்பு என்பதால்தான் காணிக்கும் வீட்டுக்கும் இரு பக்கமும் ஒரே மாதிரி அடித்துக்கொள்கின்றன என்றும் ஒருவர் வாதிடலாம். நான் அந்தக் கட்சி.

அரசியல் மேடைக்கு வருவோம், ஓட்டமாக. 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடருக்குள் இரு சமூகத்தையும் அமர்த்தியது. 1956 தேர்தலில் அதன் சின்னத்தில் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம்கள் வென்றார்கள். வென்றவர்கள் கொஞ்ச காலத்தில் அரசாங்கப் பக்கம் போனார்கள். ‘துரோகம்’ என்றது ஒரு பக்கம். ‘எங்கள் பங்கு என்ன என்று யாராவது எழுதித் தந்தீர்களா’ என்றது மறு பக்கம். 1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்றது. கூட்டணித் தலைவரான அண்ணன் அமிர்தலிங்கத்தால் முடியாவிட்டாலும் தம்பி அஷ்ரஃப் தமிழீழம் எடுத்துத் தருவேன் என்ற கருத்தில் எம். எச். எம். அஷ்ரஃப் கல்முனை மேடையில் பேசியதை இன்றும் நினைவுகூருகிறார்கள். அதே அஷ்ரஃப்தான் 1980களில் முஸ்லிம் காங்கிரசைக் கட்டியெழுப்பினார். அண்ணன் தம்பி என்ற முறை மேடையில் இனித்தது. அண்ணனும் தம்பியும் என்றால் எல்லைக்கல் எங்கே என்று கேட்பதே இந்தக் கரையின் வழக்கம், அதைத்தான் அவர் கேட்டார்.

இடையில் இரத்தம். 1985 ஏப்ரலில் காரைதீவு தாக்கப்பட்டு எரிந்தது. விசேட அதிரடிப்படையின் துணையோடு அயலூர் முஸ்லிம் கும்பல்கள் வந்தன என்பது இங்குள்ளவர்களின் நினைவில் ஆறாமல் கிடக்கிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றுக்குப் பிறகு நடந்த சமாதானக் கூட்டங்களில்தான் பிட்டும் தேங்காய்ப்பூவும் உச்சத்துக்குப் போனது. விசாரணையும் இழப்பீடும் பேச வேண்டிய மேடையில் உவமை பேசப்பட்டது. இறந்தவர் வீட்டில் உவமைக்கு என்ன வேலை?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோடு ஒட்டிய தெருக்கள் ஒரே காலையில் போயின. அன்றும் மறுநாளும் யாரும் யாரையும் கேட்கவில்லை. பள்ளிவாசலிலும் கோயிலிலும் எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு கணக்கு வந்தது. 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் புலிகளும் சுனாமி உதவியைப் பங்கிடும் பொதுக்கட்டமைப்பில் கையொப்பமிட்டன. பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து இடம், முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. இடம் இருந்தது, கையொப்பம் இல்லை. மூன்றாவது தரப்பாகத் தங்களையும் உட்கார வைக்கவில்லை என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். தெற்கில் வேறு காரணங்களுக்காக எதிர்ப்பு எழுந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை இடைநிறுத்தியது. அத்தோடு அது முடிந்தது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவுதி உதவியில் எழுந்த 500 வீடுகள் அதைவிடக் கசப்பான கதை. யாருக்குக் கொடுப்பது என்று வழக்காகி, கட்டிய வீடுகளில் குடிபோக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் பற்றை வளர்ந்தது. சுனாமியில் வீடு போனவன் தகரக் கொட்டிலில் இருந்தபடியே அந்தப் பற்றையைப் பார்த்தான்.

கல்முனையின் கதையை வெளியூரார் எப்போதும் தமிழர்–முஸ்லிம் சண்டையாகவே வாசிக்கிறார்கள். பாதிதான் சரி. கல்முனை வடக்குக்கென 1989இல் ஓர் உப பிரதேச செயலகம் திறக்கப்பட்டது. தமிழர்கள் அதை முழு அதிகாரமுள்ள செயலகமாகக் கேட்கிறார்கள். காணி அதிகாரமும் நிதி அதிகாரமும் இல்லாத செயலகத்தில் ஒரு பெண் சீதனக் காணிக்கு உரிய கடிதம் எடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் கோரிக்கையின் எடை தெரியும்: படிவம் இங்கே, கையொப்பம் அங்கே. முஸ்லிம் தரப்பின் அச்சமும் காரணமில்லாதது இல்லை. எல்லையைத் தமிழர் கேட்கிறபடி கீறினால் கல்முனை நகரத்தின் கடைத்தெரு எந்தப் பக்கம் விழும் என்பது அவர்களுடைய கேள்வி. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மோதலும் வெடிப்பும். அந்தச் சூட்டில், ஜூன் மாதம் கல்முனையில் தமிழர் உண்ணாவிரதம் இருந்தார்கள், முஸ்லிம்கள் எதிரே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தெற்கிலிருந்து பிக்குகள் வந்து வாக்குறுதி தந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை அந்த வாரம் நான் பல வாய்களில் கேட்டேன், இரு பக்கத்திலும். 2024இல் தமிழர் மறுபடியும் வீதிக்கு வந்தார்கள்.

மற்றப் பாதி சாய்ந்தமருது. முஸ்லிம் ஊர், கல்முனையோடு ஒட்டிய ஊர், ஒரே மார்க்கம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. அவர்களும் கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை கேட்டார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெரிய கட்சிகளை ஒதுக்கி, பள்ளிவாசல் முன்னின்று நிறுத்திய சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தார்கள். 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்தது. சில நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. இவர்கள் பின்னுக்குப் போய்ச் சுட்டிக்காட்டுவது பழைய ஏற்பாட்டை. முன்பு இந்த நிலம் கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகள் என்று நான்காக இருந்தது. 1980களின் உள்ளூராட்சி மாற்றங்களில் நான்கும் ஒன்றாகின. அதற்குப் பிறகுதான் எல்லாரும் பிரிவினைவாதிகளானார்கள்! ஒரே மார்க்கத்தவர் தங்களுக்குள் எல்லை கேட்டால் அது நிர்வாகம்; அடுத்த சமூகம் கேட்டால் அது இனவாதம் என்று இரு தரப்பும் ஒரே நாவால் பேசுவதை இங்கே கேட்கலாம். சாய்ந்தமருதின் கோரிக்கை நியாயமென்றால் கல்முனை வடக்கின் கோரிக்கையும் நியாயம். இதை மேடையில் சொல்லத் துணிந்த முஸ்லிம் அரசியல்வாதியும் குறைவு, நகரத்துக் கடைத்தெருவை விட்டுக்கொடுத்துக் கீறுவோம் என்று சொல்லத் துணிந்த தமிழ் அரசியல்வாதியும் குறைவு.

எல்லைகள் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதற்குச் சாட்சி 2024 நவம்பர் 26ஆம் திகதி. சம்மாந்துறைப் பிள்ளைகள் நிந்தவூர் அறபுக் கல்லூரியில் படித்தார்கள். வெள்ளம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மாவடிப்பள்ளி வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருக்க, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தவர்கள் அள்ளுண்டு போனார்கள். காரைதீவுப் பிரிவுக்குள் உள்ள வீதி. அதை யார் மூடியிருக்க வேண்டும், யார் தடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு உவமை எதுவும் உதவவில்லை.

உவமை இல்லாமல் இரு சமூகமும் சேர்ந்து நடந்த சமீபத்திய தருணம் 2021 பெப்ரவரி. 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த பேரணி. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அரசு கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்த காலம். பேரணியின் கோரிக்கைப் பட்டியலில் காணி அபகரிப்பும் அரசியல் கைதிகள், காணாமலாக்கப்பட்டோர் விடயங்களும் இருந்தன. ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் தனி வரியாக இருந்தது. அந்த வரிக்காகவே அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் முஸ்லிம்கள் வீதிக்கு இறங்கி வந்து சேர்ந்தார்கள், பேரணிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாருடைய குறை எது என்று தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. ஒன்றுக்காக வந்தவர் மற்றதற்கும் கோஷம் போட்டார். அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. கல்முனைச் செயலகத்தின் கோப்புக்கு அப்படி ஒரு பட்டியலை இரு தரப்பும் சேர்ந்து இன்னும் எழுதவில்லை.